கையடக்க கேம்கார்டர்: வாங்குவது முதல் பழுது பார்ப்பது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹேண்டிகேம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் சின்ன வீடியோ கேமராவைப் பற்றிய பக்கம் இது. வாங்கும்போது ஜூம் எவ்வளவு, மெகாபிக்சல் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பவர்கள், கெட்டுப்போனால் எங்கே கொடுப்பது என்று மட்டும் கேட்பதே இல்லை. அந்தக் கேள்வி இரண்டு வருடம் கழித்துத்தான் வருகிறது. அதனால் இங்கே பாதிக்கு மேல் சர்வீஸ், வாரண்டி, உதிரிபாகம் பற்றித்தான் இருக்கும்.

கையில் நல்ல செல்போன் இருக்கிறது. தனியாகக் கேம்கார்டர் எதற்கு?

கேக் வெட்டுவதை எடுக்கத் தேவையில்லை, போனே போதும். கேம்கார்டருக்கு வேலை வருவது நீளமான, தூரத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளில். இரண்டரை மணி நேரம் போகும் பரதநாட்டிய அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா, விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து. கடைசி வரிசைக்குப் பின்னால் ஸ்டாண்ட் போட்டு நின்றுகொண்டு, மேடையில் இருக்கும் உங்கள் பெண்ணின் முகத்தை மட்டும் இழுத்துக் காட்ட ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே பெரிதாக்கிக் காட்டும் வசதி, வேண்டும். சின்ன கேம்கார்டர்களிலேயே அது 20, 30, 50 மடங்கு வரை கிடைக்கிறது. சார்ஜரைச் சுவரில் செருகிவிட்டால் பேட்டரிக் கவலையும் இல்லை, நடுவில் யாரும் போன் செய்து கெடுக்கப் போவதும் இல்லை.

போட்டோ கேமராவில் எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அவற்றில் பல மாடல்கள் 29 நிமிடம் 59 விநாடியில் பதிவை நிறுத்திவிடும். சூடு ஒரு காரணம்தான். ஆனால் முக்கியக் காரணம் வரி. 30 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி, கூடுதல் இறக்குமதி வரி போட்டு வந்தார்கள். அதிலிருந்து தப்பிக்கக் கம்பெனிகள் வைத்த எல்லை அது. கேம்கார்டர் எப்படியும் வீடியோ கேமராதான் என்பதால் அந்த எல்லை இதில் இல்லை. கார்டு நிறையும்வரை ஓடும்.

'வீடியோ, போட்டோ, வெப்கேம், வாய்ஸ் ரெக்கார்டர் எல்லாம் ஒன்றில்' என்று ஆன்லைனில் குறைந்த விலைக்கு வருகிறதே, வாங்கலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். இந்த வகைக் கருவிகள் புதிதல்ல. 2000களின் தொடக்கத்திலேயே வீடியோ, போட்டோ, எம்பி3, யுஎஸ்பி டிரைவ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த 'பாக்கெட் டிவி' (DV, டிஜிட்டல் வீடியோ) கருவிகள் வந்தன. இப்போது அதே பாணியில் '4கே, 48 மெகாபிக்சல், 18 மடங்கு ஜூம்' என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். அந்த 18 மடங்கு பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம். அதாவது எடுத்த படத்தையே வெட்டிப் பெரிதாக்குவது. முகம் பெரிதாகும், கண் மூக்கு தெரியாது. 48 மெகாபிக்சல் என்பதும் சிறிய சென்சார் தந்த படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கிய கணக்கு.

படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை என்று நீங்கள் சொல்லலாம். சர்வீஸ் என்ன ஆகும்? ஒரே கருவி நாலைந்து பிராண்டு பெயரில் விற்கப்படும். அடுத்த ஆண்டு அந்தப் பெயர்களே இருக்காது. சர்வீஸ் சென்டர் முகவரி கேட்டால் ஒரு மின்னஞ்சல் முகவரிதான் கிடைக்கும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். விவரப் பட்டியலில் 'ஆப்டிகல் ஜூம்' என்ற சொல் இருக்கிறதா? இந்தியாவில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் பெட்டியில் அச்சாகியிருக்கிறதா? பேட்டரி எல்லாக் கடையிலும் கிடைக்கும் அளவா? மூன்றுக்கும் 'ஆம்' வந்தால் வாங்குங்கள்.

சரி, நல்ல சின்ன கேம்கார்டர் எப்படி இருக்கும்? ஒரு மாடலை வைத்துச் சொல்லுங்கள்.

சோனியின் எச்டிஆர்-சிஎக்ஸ்405ஐ எடுத்துக்கொள்வோம். பலரிடமும் இருப்பது, பழையதாகவும் அடிக்கடி கைமாறுவது. 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், உள்ளங்கைக்குள் அடங்கும் உடல், முழு எச்டி பதிவு. யுஎஸ்பி வயர் கைப்பட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், தனியாகத் தேடும் வேலை இல்லை. என்பி-பிஎக்ஸ்1 என்ற சின்ன பேட்டரி, மைக்ரோ எஸ்டி கார்டு.

குறை என்னவென்றால் வெளி மைக் செருக வழி இல்லை. சென்சாரும் மிகச் சிறியது, மாலை வெளிச்சம் மங்கியதும் படத்தில் புள்ளி புள்ளியாக வந்துவிடும். கச்சேரி, பட்டிமன்றம் மாதிரி ஒலி முக்கியமான இடங்களுக்குப் போகிறவர்கள் மைக் சாக்கெட் உள்ள மாடலைத்தான் பார்க்க வேண்டும். கேனனின் எச்எஃப் ஆர் வரிசையில் பல மாடல்களில் அது உண்டு. இருட்டிலும் நடந்துகொண்டும் எடுப்பவர்களுக்கு சோனி எஃப்டிஆர்-ஏஎக்ஸ்53 நன்றாக இருக்கும். அதில் லென்ஸ் தொகுதி முழுவதும் சேர்ந்து அசைந்து கை நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். விலை வேறு ரகம்.

இதில் எடுக்கும் போட்டோ எப்படி இருக்கும்?

எதிர்பார்ப்பு வேண்டாம். சிஎக்ஸ்405 போட்டோ 9.2 மெகாபிக்சல் என்று சொல்லும், ஆனால் உள்ளே உண்மையில் வேலை செய்வது சுமார் 23 லட்சம் பிக்சல்தான். மிச்சம் கணக்கு. போட்டோவுக்குப் போன் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மெமரி கார்டு வாங்குவது? ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இடம் பிடிக்கும்?

பதிவு வேகத்தைப் பொறுத்தது. ஏவிசிஎச்டி முறையில் உயர்தரமான 24 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 24 மெகாபிட்) ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 11 ஜிபி. 50 எம்பிபிஎஸ் எக்ஸ்ஏவிசி எஸ் முறை என்றால் 22 ஜிபிக்குச் சற்று மேல். 4கே 100 எம்பிபிஎஸ் என்றால் 45 ஜிபி. எச்டிக்கு 'கிளாஸ் 10' கார்டு போதும். 4கேவுக்கு 'யு3' அல்லது 'வி30' என்று அச்சிட்டதைப் பாருங்கள். 50 எம்பிபிஎஸ் முறை வேண்டும் என்றால் எஸ்டிஎக்ஸ்சி வகை, அதாவது 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டு வேண்டும். 32 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு 'மெனுவில் அந்த ஆப்ஷனே வரவில்லை' என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கார்டை எப்போதும் கேமராவுக்குள் வைத்தே ஃபார்மேட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம்.

ஒரே நிகழ்ச்சியை நிறுத்தாமல் எடுத்தேன். கம்ப்யூட்டரில் பார்த்தால் நாலு துண்டாக இருக்கிறது. கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை. 32 ஜிபி வரையான கார்டுகளில் பயன்படும் ஃபேட்32 என்ற கோப்பு முறை 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. அதனால் கேமரா தானே வெட்டி வெட்டி வைக்கிறது. கேமராவோடு வந்த மென்பொருள் மூலம் இறக்கினால் துண்டுகள் ஒட்டி ஒரே கோப்பாக வரும். கையால் இழுத்துப் போட்டீர்கள் என்றால் எடிட்டிங்கில் வரிசையாக வைத்து ஒட்ட வேண்டியதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏவிசிஎச்டி கார்டைத் திறந்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருக்கும், கடைசியில் 'ஸ்ட்ரீம்' என்ற ஃபோல்டரில் எம்டிஎஸ் கோப்புகள் கிடைக்கும். அவற்றை நகல் எடுங்கள், ஆனால் அங்கிருந்து அழிக்கவோ பெயர் மாற்றவோ செய்யாதீர்கள். செய்தால் கேமராவின் உள் பட்டியல் குழம்பி, 'டேட்டாபேஸைச் சரிசெய்யட்டுமா' என்று திரையில் கேட்கும். அதற்குச் சம்மதம் கொடுக்கும் முன் கார்டை முழுவதும் நகல் எடுத்து வையுங்கள். அழிப்பது என்றால் கேமரா மெனுவிலேயே அழியுங்கள்.

வெப்கேமாகப் பயன்படுத்த முடியுமா?

எச்டிஎம்ஐ வெளியீடு இருந்தால் முடியும். நடுவில், கேமராவின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் யுஎஸ்பி கேப்சர் கார்டு ஒன்று வேண்டும். திரையில் தெரியும் பேட்டரி, நேரம் போன்ற எழுத்துகள் எச்டிஎம்ஐயில் போகாதபடி மெனுவில் அணைத்துவிடுங்கள். கேமரா பக்கத்து சாக்கெட் மைக்ரோவா மினியா என்று பார்த்து வயர் வாங்குங்கள், இரண்டும் வேறு.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா வாங்கி வந்தார். இங்கே வாரண்டி கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. கேம்கார்டர் வாரண்டி பொதுவாக வாங்கிய நாட்டுக்கு உட்பட்டது. அங்கே வாங்கிய பில்லைக் காட்டினால் காசு கட்டிப் பழுது பார்க்கலாம் என்பார்கள். அந்த மாடல் இந்தியாவில் விற்கப்படாதது என்றால் உதிரிபாகமே இல்லை என்றும் சொல்லிவிடுவார்கள்.

வாரண்டியை விட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்க, ஜப்பான் மாடல்கள் என்டிஎஸ்சி முறையில், விநாடிக்கு 60 கணக்கில் படம் எடுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், அல்லது விட்டுவிட்டு மினுக்கும். ஷட்டர் வேகத்தை மாற்ற வழியிருந்தால் 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். சின்ன மாடல்களில் அந்த வசதி இருக்காது. சிங்கப்பூர், வளைகுடா நாடுகள், இலங்கை எல்லாம் நம்மைப் போல 50 கணக்கில் எடுக்கும் பால் (PAL) முறைதான், அங்கே வாங்கியதில் இந்தத் தொல்லை இல்லை. சார்ஜரைப் பற்றிக் கவலை வேண்டாம், 100 முதல் 240 வோல்ட் வரை என்று அதன் முதுகில் எழுதியிருந்தால் பிளக் பின்னுக்கான அடாப்டர் மட்டும் போதும்.

ஜப்பானுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உள்நாட்டு விற்பனைக்கான சோனி ஹேண்டிகேம்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். வேறு மொழிக்கு மாற்றித் தருவதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

பர்மா பஜாரில் விலை குறைவாகச் சொல்கிறார்கள். அது ஒரிஜினலா?

பொருள் ஒரிஜினலாக இருக்கலாம், வாரண்டி ஒரிஜினலாக இருக்காது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969இல் தொடங்கிய அந்தக் கடைத்தெரு, வெளிநாட்டுப் பொருளுக்குப் பெயர் போனது. முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம் ஆண்டு, வாடிக்கையாளர் தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். எடையளவுச் சட்ட விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி என்றால், கடைக்காரர் வாய்மொழியாகத் தரும் 'ஒரு வருட வாரண்டி' அந்தக் கடை அங்கே இருக்கும்வரைதான். விலை வித்தியாசம் பெரிதாக இருந்து, போனால் போகட்டும் என்ற மனம் இருந்தால் வாங்குங்கள். தெரிந்தே வாங்குவதில் தப்பில்லை.

வாரண்டியில் எதையெல்லாம் சேர்க்க மாட்டார்கள்?

கீழே விழுந்தது, தண்ணீர் புகுந்தது, மணல் புகுந்தது, வெளியாள் திறந்தது. இந்த நாலும்தான் சண்டையில் முடிபவை. மெரினாவுக்கோ ராமேஸ்வரத்துக்கோ எடுத்துப் போய் வந்தபின் ஜூம் கரகரவென்று சத்தம் போட்டால், உள்ளே மணல் இருக்கிறது என்று அவர்கள் திறந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். வாதாடிப் பயனில்லை. பேட்டரி, சார்ஜர் போன்றவற்றுக்கு வாரண்டிக் காலம் குறைவாக இருக்கும், அட்டையின் சின்ன எழுத்தில் பாருங்கள்.

வாரண்டி ஓடத் தொடங்குவது பில் தேதியிலிருந்து. அந்தப் பில்லில் கேமராவின் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று கடையை விட்டு வெளியே வருமுன் பாருங்கள். வெறும் 'கேமரா - 1' என்று எழுதிய பில் சர்வீஸ் சென்டரில் செல்லாமல் போகலாம். வெப்பக் காகிதத்தில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

கடையே விற்கும் கூடுதல் வாரண்டி பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதைக் கொடுப்பது கேமரா கம்பெனியா, கடையா, வேறு ஏதோ காப்பீட்டு நிறுவனமா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பை வாங்கலாம்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். கார்டைக் கழற்றினால் போதும் என்று நினைக்கிறோம், ஆனால் பல கேம்கார்டர்களில் உள் நினைவகம் இருக்கிறது. போர்டு மாற்றினால் அதில் இருந்த காதுகுத்தும் வளைகாப்பும் போர்டோடு போய்விடும். பதிவுகள் அழிந்தால் தாங்கள் பொறுப்பல்ல என்று சர்வீஸ் தாளின் பின்பக்கம் அச்சடித்தே இருக்கும், கையெழுத்துப் போடுவது நாம்தான். அதோடு, வீட்டுப் பெண்கள், குழந்தைகள் இருக்கும் படங்களை முன்பின் தெரியாத ஒருவர் மேசையில் விட்டுவிட்டு வருவானேன்?

கேமரா ஆன் ஆகவே இல்லை, உள்ளே இருப்பதை எடுக்க முடியவில்லை என்றால், 'உள் நினைவகத்தில் பதிவு இருக்கிறது, போர்டு மாற்றுமுன் கேட்கவும்' என்று ஜாப் ஷீட்டில், அதாவது பழுதைக் குறித்து அவர்கள் தரும் சர்வீஸ் தாளில், எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது கவுன்ட்டரைத் தாண்டி உள்ளே போகாது.

அப்புறம், கேமராவை மட்டும் கொடுங்கள். பேட்டரி, பட்டை, லென்ஸ் மூடி, கார்டு எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வையுங்கள். பேட்டரியையும் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால் கொடுத்துவிட்டு, கொடுத்ததை ஜாப் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் அதில் குறிக்கச் சொல்லி, நீங்களும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழுதை 'ஒர்க் ஆகவில்லை' என்று எழுதவிடாதீர்கள். 'திரையைத் திறந்து 90 டிகிரிக்கு மேல் திருப்பினால் படம் போகிறது' என்று எழுதினால், அது கீல் வழியே போகும் ரிப்பன் கேபிள் என்று டெக்னீஷியனுக்கு அங்கேயே புரிந்துவிடும். அந்தக் கேபிள்தான் மடக்கு திரை கேமராக்களில் அதிகம் போகும் பாகம்.

வாரண்டி இல்லையென்றால் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். செய்ய வேண்டாம் என்று திருப்பி வாங்கினால் பரிசோதனைக் கட்டணம் உண்டா, மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் வாரண்டி, பழைய பாகத்தைத் தருவார்களா, இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

வாரண்டி முடிந்தபின் இலவசமாகச் செய்து தர வாய்ப்பே இல்லையா?

அரிதாக உண்டு, தயாரிப்பிலேயே குறை என்று கம்பெனி ஒப்புக்கொண்டால். இதில் பெரிய சம்பவம் 2005இல் நடந்தது. 2002 முதல் 2004 வரை சோனி தயாரித்த ஒரு வகை சிசிடி சென்சார்களில், உள்ளே இருக்கும் மெல்லிய இணைப்புகள் விட்டுப்போகத் தொடங்கின. வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்த ஊர்களில் சீக்கிரம் போனது. நம் கடலோர ஊர்களுக்கு அளவெடுத்த மாதிரியான குறை. பழைய கேசட்டைப் போட்டால் நன்றாக ஓடும், புதிதாக எடுத்தால் படம் ஊதா நிறத்தில் கலங்கும் அல்லது முழுக்கக் கறுப்பாக இருக்கும், ஒலி மட்டும் சரியாகப் பதியும். அந்த சென்சாரை வாங்கிப் பயன்படுத்தியதால் கேனன், நிக்கான், ஃபியூஜிஃபில்ம், கோனிகா மினோல்டா எல்லாமே மாடல் பட்டியல் வெளியிட்டு, வாரண்டி முடிந்த கேமராக்களையும் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தன.

அறிவிப்பு தெரியாமல் எடைக்குப் போட்டவர்கள் எத்தனையோ பேர். அதனால் வாரண்டி முடிந்த கேமராவுக்குப் பெரிய எஸ்டிமேட் வந்தால், பணம் கட்டுமுன் கம்பெனியின் ஆதரவுப் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

'பார்ட் வருவதில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா?

வாரண்டிக்குள் என்றால் இல்லை. சரிசெய்ய முடியாவிட்டால் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ நீங்கள் கேட்கலாம். வாரண்டி முடிந்திருந்தால் கை கொஞ்சம் கட்டப்பட்ட நிலைதான். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் மின்னணுக் கருவிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நாலு துறைகளின் கம்பெனிகள் அங்கே சர்வீஸ், உதிரிபாக விவரம் தர வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல தொடக்கம், ஆனால் பழைய கேம்கார்டரின் ரிப்பன் கேபிள் அதனால் வந்துவிடாது. சென்னையில் என்றால் ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பழுது பார்க்கக் கொடுக்கும் மெக்கானிக்குகள், இவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். செத்துப்போன அதே மாடல் கேமராவை வாங்கி அதிலிருந்து பாகம் எடுத்துப் போடுவார்கள்.

கம்பெனி பெரியது என்பதும் உத்தரவாதம் அல்ல. ஃபிளிப் என்ற சின்ன வீடியோ கேமரா ஒரு காலத்தில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. சிஸ்கோ 2009இல் அந்த நிறுவனத்தை வாங்கி, 2011 ஏப்ரலில் மூடிவிட்டது. கேமரா நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதற்கு எதிர்காலம் இல்லாமல் போனது.

பழைய சோனி கேசட் கேமராவில் 'சி:31' என்று மின்னுகிறது. என்ன அர்த்தம்?

கேமரா தன் நோயைத் தானே சொல்கிறது. 'சி' என்றால் நீங்களே முயன்று பார்க்கலாம். 'இ' என்றால் சர்வீஸ்.

சி:04 வந்தால் பேட்டரி அந்தக் கேமரா எதிர்பார்க்கும் வகை அல்ல. சி:21 என்றால் உள்ளே ஈரம் கோத்திருக்கிறது, ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் இப்படி ஆகும். கேசட்டை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். சி:22 என்றால் நாடாவைப் படிக்கும் முனையான ஹெட்டில் அழுக்கு, கிளீனிங் கேசட்டைச் சில விநாடி மட்டும் ஓட்டுங்கள், தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். சி:31, சி:32 இரண்டும் பொதுவான கோளாறு. கேசட்டை எடுத்து, மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் இணைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வந்தால் கேசட்டை இழுக்கும் பகுதி தேய்ந்திருக்கிறது. இ:61, இ:62 வந்தால் திறக்காமல் எடுத்துப் போங்கள்.

கேசட் உள்ளே மாட்டிக்கொண்டால் ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். கேமரா போனால் வேறு வாங்கலாம்.

ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம் கேட்கிறது.

கடிகாரத்துக்கான சின்ன உள் பேட்டரி காலியாகிவிட்டது. பல சோனி மாடல்களில் அது ரீசார்ஜ் ஆகும் வகை. கேமராவை அணைத்து வைத்து, சார்ஜரில் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அதன் பிறகும் கேட்டால்தான் மாற்ற வேண்டும்.

டூப்ளிகேட் பேட்டரி போடலாமா?

நல்ல வேறு பிராண்டு பேட்டரி போடலாம், டூப்ளிகேட் போடக் கூடாது. வேறு பிராண்டு தன் பெயரிலேயே விற்கும். டூப்ளிகேட், கேமரா கம்பெனியின் பெயரைப் போட்டுக்கொண்டு பாதி விலைக்கு வரும். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற எண்ணும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று காட்டும்.

மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் முழு சார்ஜில் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். பாதி சார்ஜில், கேமராவை விட்டுக் கழற்றி வையுங்கள். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்வதோ, குத்திப் பார்ப்பதோ, குப்பைத் தொட்டியில் போடுவதோ வேண்டாம். மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது.

பூஞ்சை. பீரோவில், துணிப் பையில், மழைக்காலம் முழுக்க வைத்தால் வரும். லேசாக இருந்தால் படத்தில் தெரியாது, வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால் மட்டும் மங்கும். சின்ன கேம்கார்டர் லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்யும் கூலி பல சமயம் கேமராவின் விலையை நெருங்கும். வராமல் பார்ப்பதுதான் மலிவு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒரு தடவை வெளியே எடுத்துக் கொஞ்சம் ஓட்டுவது. அரிசிக்குள் புதைத்து வைக்க வேண்டாம், தவிட்டுத் தூசு ஜூம் இடுக்கில் போகும்.

கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். எப்படி?

எந்தக் கேசட் என்பதில் இருக்கிறது எல்லாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மினி டிவி (DV) கேசட் என்றால் உள்ளே இருப்பது டிஜிட்டல் பதிவு. நம் கல்யாண மண்டபங்களில் தோளில் வைத்துச் சுற்றிய பானசோனிக் எம்டி10000 இந்த வகைதான். இதை ஃபயர்வயர் என்ற பழைய டிஜிட்டல் இணைப்பு வயர் வழியாக இறக்கினால் கேசட்டில் இருப்பது அப்படியே வரும், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. கேமராவில் யுஎஸ்பி துளையும் இருக்கும், அதை நம்ப வேண்டாம். பழைய மாடல்களில் அது போட்டோவுக்கும் மங்கலான படத்துக்கும் மட்டும்தான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. அது டிஜிட்டலை அனலாகாக்கி மறுபடி டிஜிட்டலாக்குவது. கொடுக்குமுன் 'ஃபயர்வயரில் எடுக்கிறீர்களா' என்று கேளுங்கள்.

ஃபயர்வயர் வசதி வேகமாக மறைகிறது. விண்டோஸில் 1394 என்ற பழைய ஃபயர்வயர் டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயரே எடுக்கப்பட்டுவிட்டது. ஃபயர்வயர் கார்டு உள்ள பழைய டெஸ்க்டாப் யாரிடமாவது இருந்தால் அதைத் தூக்கிப் போடவிடாதீர்கள். விண்டிவி என்ற சின்ன இலவச மென்பொருள் போதும், லினக்ஸ் என்றால் டிவிகிராப்.

ஹை8, வீடியோ8 கேசட் என்றால் சில டிஜிட்டல்8 கேமராக்கள் அவற்றையும் ஓட்டி ஃபயர்வயரில் கொடுக்கும். எல்லா மாடலும் அல்ல, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். விஎச்எஸ் என்றால் விசிஆரும் கேப்சர் கார்டும்தான் வழி.

எந்தக் கேசட்டானாலும் ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் கேமராவில் போடாதீர்கள். அந்தப் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும்.

தெரியாமல் அழித்துவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒன்றும் எடுக்காமல் உடனே வெளியே எடுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பல சமயம் மீட்டுத் தரும், நீளமான வீடியோ துண்டு துண்டாக வரலாம். மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள்.

சர்வீஸ் சென்டரும் கடையும் மாற்றி மாற்றி அலைக்கழிக்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது?

முதலில் கம்பெனிக்கு எழுத்தில், மின்னஞ்சலாக. பில், ஜாப் ஷீட், தேதி வாரியாக நடந்தது. நகலைக் கடைக்கும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். பல கேஸ்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும், ஏனென்றால் இங்கிருந்து போகும் புகார் கம்பெனியில் கவுன்ட்டரில் இருப்பவரிடம் போவதில்லை, மேலே போகிறது.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கேமராவை டெல்லிக் கடையிலிருந்து ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 'அடுத்த மாதம் பார்ட் வந்துவிடும்' என்று சொல்லிச் சொல்லியே அந்த இரண்டு ஆண்டைக் கடத்திவிடுவார்கள், நாளைக் குறித்து வையுங்கள்.

இலங்கையில் இருப்பவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பழைய கேம்கார்டர் வாங்கப் போகிறேன். கடையில் எதைச் சோதிப்பது?

உங்கள் கார்டைக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். ஜூமை முழுக்க உள்ளேயும் வெளியேயும் இழுத்துக் காதை வைத்துக் கேளுங்கள். திரையைத் திறந்து, திருப்பி, மடக்கிப் பாருங்கள், படம் ஒரு கணம்கூடப் போகக் கூடாது. வெள்ளைச் சுவரை எடுத்து, புள்ளியோ கறையோ தெரிகிறதா என்று பாருங்கள். லென்ஸுக்குள் போன் டார்ச்சை அடித்துப் பூஞ்சை தேடுங்கள். எடுத்ததைக் கேமராவில் மட்டும் பார்க்காமல் லேப்டாப்பிலும் ஓட்டுங்கள், அப்போதுதான் யுஎஸ்பி துளையும் சோதனையாகிவிடும். கேசட் கேமரா என்றால் வேறு கேமராவில் பதிந்த கேசட் ஒன்றையும் போட்டுப் பாருங்கள். தன் கேசட்டை மட்டும் ஒழுங்காக ஓட்டிவிட்டு மற்றதில் கட்டம் கட்டமாக உடைந்தால் ஹெட் இடம் மாறியிருக்கிறது. சார்ஜர் அந்த மாடலுக்கு உரியதா என்று கடைசியாகப் பாருங்கள், பல பேர் அதைத்தான் தொலைத்துவிட்டு விற்கிறார்கள்.